இரண்டு கோடை கண்ட விதை

கொரலிக்குக் கோபம் வந்தால் நாய்கள் தாமாகவே போய்க் கூண்டுக்குள் படுத்துக்கொள்ளும். அன்று மூன்று நாய்களும் உள்ளேதான் இருந்தன.

மேட்டு நிலத்தில் ஒரு புல்லைப் பிடித்து இழுத்தாள். அடித்தண்டோடு கையில் வந்தது. உள்ளே வெள்ளைப் புழு, சம்பந்தி வீட்டுக்கு வந்தவர் போல நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

முன்பு அங்கே இருந்த புல்லுக்குள் ஒரு பூஞ்சை குடியிருந்தது. புழுவை விரட்டும், ஆட்டையும் தள்ளாட வைக்கும். பதினோரு ஆடுகள் தள்ளாடி ஓடையில் விழுந்ததும், ஆட்டைத் தொடாத சாதுப் பூஞ்சை கொண்ட விதை வாங்கி, பிறகு பழைய புல்லையெல்லாம் உழுதுவிட்டு அதை விதைத்தாள். முளைத்ததைப் புழு தின்று, இப்போது மேயப் புல்லே இல்லை. அவளே பெருக்கிய இருநூறு ஆடுகளையும் வியாழக்கிழமை கசாப்பு லாரி ஏற்றிப்போகும்.

"பூஞ்சை இருக்குன்னு சொல்லித்தானேய்யா வித்தே?" என்று, நிலத்தைப் பார்க்க வரவழைத்த விதைக்கடை லாக்லனைப் பிடித்தாள். "உள்ள என்ன வெச்சே, ஜவ்வரிசியா?"

லாக்லன் தண்டைக் கிழித்துப் பார்த்தான். "பூஞ்சை செத்திருக்குங்க. சூட்டுல கிடந்தா விதை பொழைச்சுக்கும், அது பொழைக்காது. எங்க வெச்சிருந்தீங்க?"

"குளிர் அறையில! முதல் வருஷம் மழை விடாம பெய்ஞ்சு விதைக்க முடியல, அதனால ரெண்டு வருஷமா அங்கதான்."

மூன்று நாளாகத் திட்டு வாங்கிய தம்பி ஹெக்டர் தொண்டையைச் செருமினான். "அக்கா... பூக்கண்காட்சி டேலியாவைக் குளிர் அறையில வைக்கணும்னு விதை மூட்டையைத் தகரக் கொட்டகைக்குத் தூக்கச் சொன்னியே. ரெண்டு வருஷமும் பரிசு வாங்குனியே."

கொரலி வாயைத் திறந்தாள். திட்டுவதற்கு ஆள்தான் மிச்சமில்லை.

லாக்லன் குனிந்து தரையைத் தடவினான். "இந்த க்ளோவர் தழை மட்டும் செழிச்சிருக்கு பாருங்க. பூஞ்சை உள்ள புல்லு பக்கத்துல இருந்தா இதை அமுக்கிடும். இப்ப அது செத்ததால, மழை வர்ற வரைக்கும் இதுல நூறு ஆடு மேயும்."

"மத்த நூறு?"

லாக்லன் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினான்.

கொரலி விறுவிறுவென்று வீட்டுப் பக்கம் நடந்தாள். அடுத்த மாதக் கண்காட்சிக்காகத் தட்டுத் தட்டாகப் பூத்திருந்த டேலியாத் தோட்டத்தின் கதவை ஓர் உதை விட்டுத் திறந்தாள்.

"இங்க பத்து நிக்கும். ஓட்டிட்டு வாடா!"

"அக்கா, பூவு..."

"வாயை மூடு. நூத்திப் பத்து லாரி ஏறாது."

முதல் ஆடு பரிசுக்கென்று வளர்த்த சிவப்பு டேலியாவைக் கடித்தது. அவள் அதைத் திட்டிக்கொண்டே நின்றாள், முகத்தைத் திருப்பாமல்.