பொத்தான் வைத்த சைலன்சர்

சேலத்தில் கார்களை மாற்றியமைத்துத் தரும் இளவரசனின் கடைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த சக்கரங்களை இலக்கியா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்க எல்லாமே அழகுதான். கையில் எடுத்தால்தான் கனம் தெரியும். கனமான சக்கரம் வண்டியின் சுறுசுறுப்பைத் தின்றுவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

இலக்கியா பல் மருத்துவர். கள்ளக்குறிச்சியில் துருகம் சாலையில் சொந்தக் கிளினிக். கல்லூரி நாளிலிருந்து மனதில் கிடந்த ஆசைக்குக் கோயம்புத்தூரில் வழி பிறந்தது. ஒருவர் விற்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை நிறம், இரண்டே கதவு. பின் சீட் என்று பேருக்கு ஒன்று உண்டு. அதில் ஆறு வயது மகள் மணிமொழி மட்டும்தான் உட்கார முடியும். கணவன் தீனதயாளனுக்குச் சின்னசேலத்தில் விதை, உரக் கடை. மூட்டை ஏற்ற முடியாத வண்டியை அவன் வண்டி என்றே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் மனைவியோடு சேலம் வரை வந்திருந்தான்.

"பத்தொம்பது இஞ்ச் போட்டா கம்பீரமா இருக்கும் மேடம். ஆனா டயர் மெல்லிசாயிடும், பள்ளத்துல எறங்கினா சக்கரமே அடி வாங்கும்" என்றான் இளவரசன்.

"பதினெட்டே போதும். இந்த வெண்கலக் கலரு. எடையும் கம்மியா இருக்குது."

அடுத்து சஸ்பென்ஷன். உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற வகை. டயருக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற அளவு இடைவெளி போதும் என்றாள் இலக்கியா.

"உங்க ஊரு ஸ்பீட் பிரேக்கர் எல்லாம் எனக்குத் தெரியும் மேடம். நாலு விரல் வெச்சுக்கலாம்."

"ரெண்டு."

கடைசியில் சைலன்சர். இளவரசன் மூன்று வண்டிகளை முடுக்கிக் காட்டினான். மூன்றாவது சத்தம் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. கியருக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் வரும். அழுத்தினால் குழாய்க்குள் ஒரு வால்வு திறந்துகொண்டு வண்டி உறுமும், மறுபடி அழுத்தினால் அடங்கிவிடும்.

"இன்னாத்துக்கு பொத்தான்?" என்று கேட்டான் தீனதயாளன்.

"ஊருக்குள்ள சத்தம் கம்மியா இருக்கும். மலையில ஜாஸ்தி."

"மலையில யாரு கேக்கப் போறாங்க?"

"நான் கேப்பேங்க" என்று சிரித்தாள்.

வண்டி தயாராகி வந்த அன்று எதிர் வீட்டுப் பாப்பாத்தி வாசலுக்கு வந்து பார்த்தாள். "இன்னாமா, வண்டி தரையத் தடவிக்கினு வர்து?" என்றாள். தெருவே சிரித்தது, இலக்கியாவும்தான்.

தினமும் காலையில் மணிமொழியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுக் கிளினிக் போவாள். பள்ளிக்கு முன்னால் இருக்கும் வேகத்தடையில் வண்டியைச் சாய்வாக ஏற்றி இறக்குவாள். அப்படியும் சில நாள் அடியில் உரசும். ஒரு நாள் உரசல் இல்லை, 'டங்'கென்று இடித்தது. இறங்கிக் குனிந்து பார்த்தாள். எதுவும் தொங்கவில்லை. அதற்குப் பிறகு சைலன்சர் சத்தம் சற்றுத் தடித்திருந்தது. அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் மணிமொழிக்குத் தலைவலி ஆரம்பித்தது. காலையில் பள்ளிக்குப் போனதும் வலிக்கும், மதியத்துக்குள் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வலிக்காது. முதல் பீரியடில் பெஞ்சில் தலைசாய்த்துத் தூங்குகிறாள் என்று டீச்சர் சொன்னார். கண் டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். லேசாகப் பவர் இருந்தது. ரோஸ் நிறத்தில் கண்ணாடி வாங்கிப் போட்டார்கள்.

"கண்ணாடி போட்டும் வலிக்குதும்மா."

"ஸ்கூல் நாள்ல மட்டும் வலிக்குமா? பொய் சொன்னா பல்லப் புடுங்கிடுவேன்" என்றாள் இலக்கியா. குழந்தை அதற்கப்புறம் தலைவலியைப் பற்றி வாய் திறக்கவில்லை. காரில் ஏறச் சொன்னால் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும்.

தீனதயாளனும் ஒன்றிரண்டு முறை சொன்னான். "ஒன் வண்டில ஒக்காந்தா மண்ட கனக்குது இலக்கியா." வண்டியைப் பிடிக்காதவன் சொல்லும் சாக்கு என்று அவள் அதை விட்டுவிட்டாள்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலைக்குக் கிளம்பினார்கள். மணிமொழி, "அந்தக் கார்ல நான் வரல" என்று ஒரே பிடிவாதமாக நின்றாள். அவளை நடத்திக் கூட்டிப்போய்த் தீனதயாளனின் அக்கா வீட்டில் விட்டார்கள். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி வரும்போதே மழை பிடித்துக்கொண்டது. மலை ஏறத் தொடங்கியதும் இலக்கியா பொத்தானை அழுத்தினாள். பாறைச் சுவரில் மோதித் திரும்பி வரும் சத்தத்தைக் கேட்பதற்காகத் தன் பக்கத்துக் கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டாள். தோளில் சாரல் அடித்தது, அவள் பொருட்படுத்தவில்லை. தீனதயாளன் தன் பக்கத்துக் கண்ணாடியை முழுவதும் ஏற்றிக்கொண்டு சீட்டைப் பின்னால் சாய்த்தான்.

"மண்ட கனக்குது. செத்த நேரம் கண்ண மூடிக்கறேன்."

"மேல போயி டீ குடிச்சா சரியாப்பூடும். தூங்குங்க."

புதுச் சக்கரங்கள் வளைவுகளில் பிடித்த பிடியை அவள் ரசித்துக்கொண்டே ஓட்டினாள். பாதி மலையில் அவளுக்கும் லேசாகக் குமட்டியது. வளைவு அதிகம், காலையில் சாப்பிடவும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். "ஏங்க, இந்த எடத்தப் பாருங்களேன்" என்று இரண்டு முறை சொன்னாள். பதில் இல்லை.

வெள்ளிமலைக்குச் சற்று முன்னால் மழை விட்டது. பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிற ஒரு திருப்பத்தில் வண்டியை ஓரம் கட்டினாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"எழுந்திருங்க. போட்டோ எடுக்கலாம்."

தோளைத் தொட்டு உலுக்கினாள். தலை அவள் பக்கமாகத் தொங்கியது. வாய் திறந்திருந்தது. கன்னத்தில் தட்டினாள், பிறகு அறைந்தாள். இமை அசையவில்லை.

அவள் கை தானாகக் கழுத்து நரம்பைத் தேடியது. துடிப்பு இருந்தது, வேகமாக இருந்தது. மூச்சு வந்துகொண்டிருந்தது. மாரடைப்பா, பக்கவாதமா, சர்க்கரையா? முப்பத்தாறு வயது ஆளுக்கு எப்படி? அவன் பக்கத்துக் கதவைத் திறந்து இழுத்துப் பார்த்தாள். தரையோடு கிடந்த வண்டி. உடம்பை இரு புறமும் கவ்விப் பிடிக்கும் சீட். அவளால் அவனை அசைக்கவே முடியவில்லை. போனில் சிக்னல் இல்லை. எழுந்து நின்றபோது அவளுக்கே தலை சுற்றியது. சாலையோரம் வாந்தி எடுத்தாள்.

மேலேயிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு ஒரு பிக்கப் வேன் வந்தது. அவள் சாலை நடுவே போய் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். வேனை ஓட்டி வந்தவன் அம்மாசி. பக்கத்தில் அவன் மனைவி சாலம்மாள். இருவரும் குதித்து இறங்கினார்கள்.

"இன்னாமா ஆச்சு?"

"தெரியலைங்க. தூங்கினாரு, எழுந்திரிக்கல."

மூன்று பேரும் சேர்ந்து தீனதயாளனை வெளியே இழுத்துச் சாலையோரம் கிடத்தினார்கள். சாலம்மாள் முந்தானையால் விசிறினாள். "தண்ணி இருக்குதாம்மா?" என்று கேட்டாள்.

தண்ணீர் பாட்டில் டிக்கியில் இருந்த பையில் இருந்தது. இலக்கியா ஓடிப்போய் டிக்கியைத் திறந்தாள். சூடான புகை முகத்தில் அடித்தது. பையை எடுத்தாள், அடிப்பக்கம் முழுக்கக் கரி. பை இருந்த இடத்தில் விரிப்பு தீய்ந்து சுருங்கி, அதற்குக் கீழே தகட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. ஓட்டை வழியே பொத்தானுக்கான ஒயர் கீழே போயிருந்தது. அதைச் சுற்றி, ஓடுகிற என்ஜினின் புகை மெல்ல மெல்ல உள்ளே வந்துகொண்டிருந்தது.

அவள் ஓடிப்போய் என்ஜினை அணைத்தாள்.

"இந்த வண்டியிலயே எடுத்துக்கினு போயிடலாமாம்மா? சீக்கிரம் போவும்" என்றான் அம்மாசி.

"வேணாம்!" அவள் போட்ட சத்தத்தில் அவன் பின்வாங்கினான். "இதுல வேணாங்க. இந்த வண்டிதான் அவரக் கொன்னுக்கினு இருக்குது. ஒங்க வண்டியில, மேல, காத்து படற மாதிரி போடுங்க."

கிழங்கு மூட்டைகளின் மேல் தார்ப்பாயை விரித்து அவனைப் படுக்க வைத்தார்கள். சாலம்மாள் அவன் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள். இலக்கியா அவன் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தாள். அம்மாசி வேனைத் திருப்பி, வந்த வழியே சுகாதார நிலையத்துக்கு விட்டான். குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்க, பாதி வழியில் தீனதயாளன் ஒருமுறை முனகினான். "நல்லது, நல்லது, சத்தம் வர்து" என்று சொல்லிக்கொண்டே சாலம்மாள் அழுதாள். முன்பின் தெரியாதவனுக்காக அவள் அழுதது இலக்கியாவுக்கு வெகுநாள் மறக்கவில்லை.

சுகாதார நிலையத்தில் கோகிலவாணி என்ற செவிலியர் அவன் விரலில் கிளிப்பை மாட்டினார். தொண்ணூற்றெட்டு என்று காட்டியது. இலக்கியாவுக்கு உயிர் வந்தது.

"ஆக்சிஜன் நல்லாத்தான் இருக்குது!"

"கார் பொகைன்னு சொன்னீங்களே டாக்டர். பொகைன்னா இந்த நம்பர நம்ப முடியாது. அந்த விஷத்தையும் இது ஆக்சிஜன்னே காட்டும்" என்றார் கோகிலவாணி, அவனுக்கு ஆக்சிஜன் முகமூடியை மாட்டிவிட்டபடியே. படித்ததுதான். அந்த நேரத்தில் இலக்கியாவின் மண்டையில் எதுவும் இல்லை.

ஆம்புலன்ஸ் வந்து கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்கு இறக்கியபோது தீனதயாளன் கண் திறந்திருந்தான். தான் எங்கே இருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியவில்லை. காலையில் வீட்டிலிருந்து கிளம்பியதே நினைவில் இல்லை. ஆனால் அவளை அடையாளம் தெரிந்தது. பேரைச் சொன்னான்.

பணியில் இருந்த டாக்டர் இளம்பெண். அவனைப் பார்த்துவிட்டு இலக்கியாவிடம் வந்தார். "கண்ணாடி தெறந்து வெச்சிருந்ததால நீங்க தப்பிச்சீங்க. நீங்களும் மயங்கியிருந்தா ரெண்டு பேரும் பள்ளத்துலதான். சரி, இந்த வண்டில வேற யாராச்சும் வழக்கமா போவாங்களா?"

"இல்ல, நாங்க..." என்று தொடங்கினாள்.

தினமும் காலையில் அந்த ஓட்டைக்கு நேர் முன்னால், பின் சீட்டில், பள்ளிச் சீருடையில் ஒரு குழந்தை. முதல் பீரியட் தூக்கம். ஞாயிற்றுக்கிழமை வராத வலி. பல்லைப் புடுங்கிவிடுவேன்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் என்னென்னவோ கேட்டார். அவள், "எம்பொண்ணு, எம்பொண்ணு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் மணிமொழியை அழைத்து வந்தார். டாக்டர் பரிசோதித்தார். குழந்தை நன்றாகத்தான் இருந்தது. "வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வண்டில ஏறல இல்ல, ரத்தத்துல இப்ப ஒண்ணும் தெரியாது. எவ்ளோ உள்ள போச்சுன்னு கண்டுபிடிக்க முடியாது. ஆனா பயப்படற மாதிரி எதுவும் இல்ல. தலைவலி வந்தா மட்டும் உடனே கூட்டிக்கினு வாங்க" என்றார்.

மணிமொழி அப்பாவின் முகமூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பாவுக்கும் கார்ல தலைவலியாம்மா?"

"ஆமாண்டா."

"அப்ப நான் சொன்னது பொய் இல்லையா?"

பொய் இல்லை என்று இலக்கியா தலையை ஆட்டினாள். குழந்தை அதை ஏற்றுக்கொண்டு அப்பாவின் கட்டிலில் ஏறி உட்கார்ந்தது.

அடுத்த வாரம் வண்டியை லாரியில் ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டு போனாள். வாயில் வந்ததையெல்லாம் கேட்டுவிடத்தான் போனாள். இளவரசன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை. இடித்த இடியில் குழாயின் இணைப்பு வாய் பிளந்திருந்தது. டிக்கித் தகட்டில் ஒயர் விடுவதற்காகக் கழற்றிய ரப்பர் மூடி திரும்பப் போடப்படவில்லை.

"மூடறது என் வேல மேடம். மறந்துட்டேன்."

"கீழ எறக்கச் சொன்னது நான்" என்றாள் இலக்கியா. அதற்கு மேல் கத்த அவளுக்குத் தெம்பில்லை. "இதே மாதிரி வேற யாருக்காச்சும் மாட்டியிருக்கிறியா?"

அவன் போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தான். கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை அவள் அங்கேயே நின்றிருந்தாள்.

தீனதயாளன் முழுதாகத் தேற மாசக்கணக்கில் ஆயிற்று. மக்காச்சோள விதை கேட்டவருக்கு உளுந்தை எடுத்துக் கொடுப்பான். தெரிந்த ஆளின் பெயரைச் சொல்லத் தடுமாறுவான். தையில் அந்தத் தடுமாற்றம் நின்றது. ஒரு நாள் இருவரும் வெள்ளிமலைக்குப் பேருந்தில் போய் அம்மாசியையும் சாலம்மாளையும் பார்த்து வந்தார்கள்.

வண்டியைப் பழைய சக்கரம், பழைய சஸ்பென்ஷன், பழைய சைலன்சரோடு விற்பனைக்கு வைத்தாள். ஆத்தூரிலிருந்து வாங்க வந்த பையனிடம் நடந்தது அனைத்தையும் மறைக்காமல் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான். தலையாட்டினான். பிறகு, "அந்த சைலன்சரு இன்னும் கைவசம் இருக்குதுங்களா டாக்டர்? அதையும் சேத்துக் குடுத்துடுங்களேன்" என்றான்.

இலக்கியா அவன் முகத்தையே வெறித்துப் பார்த்தாள். சாவியை மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினாள்.

"வண்டி விக்கறதா இல்லப்பா. நீ கெளம்பு" என்றாள்.