எழுபது டிகிரி

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பாளையங்கோட்டை சண்டே ஸ்கூலில் வளர்ந்தவன் நான். தொழில், கேமரா மாட்டுவது. ஆனால் போன கோடையில் ஸ்ரீவைகுண்டம் படித்துறைக் கேமரா என்னைப் பட்டப்பகலில் வெடவெடக்க வைத்துவிட்டது.

வெள்ளம் வந்து கடைகளை வாரிக்கொண்டு போன பிறகு, அங்குள்ள கடைக்காரர்கள் சேர்ந்து வைத்த கேமரா அது. ஆற்றில் தண்ணீர் ஏறினால் வீட்டிலிருந்தே போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு ஆறுதல். வெள்ளத்தைக் கண்ட ஊர் அல்லவா, எல்லோருக்கும் தண்ணீர் ஒன்றுதான் பயம். "ஒரு சொட்டு உள்ள போகக்கூடாது, ஹெப்ரான்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் அதே பயத்தில், கேமராவை மூடிய பெட்டியின் அடியில் சூடு வெளியேற விட்டிருந்த நாலு துளைகளையும் சிலிக்கான் பசை வைத்து அடைத்துவிட்டேன். பத்து வருஷத் தொழில்காரன் செய்கிற காரியமா அது? மேலே வெயில் காய, கேமராவின் சொந்தச் சூடும் போக வழியில்லாமல் உள்ளேயே நிற்க, பெட்டி இட்லிக் கொப்பரை ஆகிவிட்டது.

எழுபது டிகிரியைத் தாண்டினால் கேமரா தானாகவே அணைந்துவிடும், கருகிப் போகாமல் இருக்க. கத்திரி வெயில் தொடங்கியதும் தினமும் பன்னிரண்டரைக்கு அணைந்து, மூன்று மணிக்கு மறுபடி உயிர்த்தது. என் போனில் எச்சரிக்கை வரும். நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று தள்ளிப்போட்டேன்.

அப்படித் தள்ளிப்போட்ட ஒரு வியாழக்கிழமை, மதியம் ஒரு மணி வாக்கில், லாரியில் வாழைத்தார் ஏற்றும் சிவசைலம் அந்தப் படித்துறையில் தண்ணீரோடு போய்விட்டார். மறுநாள்தான் உடல் கிடைத்தது.

பதினாறு கழிந்ததும் அவர் மனைவி வேணி என் கடைக்கு வந்தாள். அழவில்லை.

"அண்ணாச்சி, அவிய குதிச்சாவளா, வழுக்கி விழுந்தாவளா? அத மட்டும் கேமராவுல பாத்துச் சொல்லுங்க. அன்னைக்குக் காலைல ஒரு சண்டை. எங்கயாவது போய்த் தொலையும்னு சொல்லிட்டேன். என் வாயாலதான் குதிச்சாவன்னு அவிய அக்கா என்னை வெளிய தள்ளிட்டா. பிள்ளையத் தரமாட்டேங்கா."

"அந்நேரம் கரண்டு இல்லம்மா" என்றேன். நாக்குக் கொஞ்சம்கூடக் குழறவில்லை. என்னைப் போல ஒரு கோழை இந்த ஜில்லாவிலேயே இருக்கமாட்டான். அதற்குப் பிறகு துளைகளைத் திறக்கவும் பயம். இப்போது போய்ப் பெட்டியைக் குடைந்தால் ஏன் என்று கேட்பார்களே.

அடுத்த வாரம் அது ஆரம்பித்தது. மதியம் கேமரா அணையவில்லை. அறுபத்தெட்டு வரை ஏறிய சூடு, பன்னிரண்டரைக்கு மளமளவென்று இறங்கி ஐம்பதுக்கு வந்தது. மறுநாளும் அதே. துளை அடைத்த பெட்டி, உள்ளே விசிறி கிடையாது, வெளியே நாற்பது டிகிரி. போனில் படத்தைத் திறந்தேன். படிக்கட்டு, தண்ணீர், ஆள் இல்லை. படத்தின் மேல் ஓரத்தில் மட்டும் ஒரு இருட்டு. அதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கண்ணாடியில் மெல்ல இறங்கியது. மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது. ஆற்றில் போனவர்தான் ஈரம் சொட்டப் பெட்டிமேல் குனிந்து நிற்கிறார் என்று எனக்குத் தோன்றியது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் அதைத் தொடவில்லை.

ஐந்து நாள் பொறுத்தேன். ஆறாம் நாள் உச்சி வெயிலில் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

கேமராவின் பார்வைக்கு எட்டாமல், அதை மாட்டிய கம்பத்துக்குப் பின்னால் வேணி நின்றாள். கையில் துரட்டிக் கம்பு. அதன் நுனியில் நனைத்த ஒரு சிவப்புத் துண்டு, சுமை தூக்கும்போது சிவசைலம் தலையில் கட்டுவது. அதை எட்டிப் பெட்டிமேல் போட்டாள். துண்டின் ஓரம் கண்ணாடிமேல் தொங்கிச் சொட்டியது.

"கரண்டு ஆபீஸ்ல கேட்டேன், அண்ணாச்சி. அன்னைக்குக் கரண்டு போகவேயில்லையாம்" என்றாள். "டீக்கடைக்காரர் போன்லயும் இந்தப் படம் வரும்லா. தினமும் உச்சிக்குச் சூட்டுல அவிஞ்சிருதுன்னு அவருதான் சொன்னாரு. அன்னைக்கு யாராவது ஒரு துண்ட நனைச்சுப் போட்டிருந்தா போதும். அதான் இப்பம் போடுதேன்."

துளைகளை அடைத்ததைச் சொன்னேன். தள்ளிப்போட்டதையும் சொன்னேன். அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் ஆற்றைப் பார்த்தபடியே நின்றாள்.

"உங்களுக்காவ ஒரு பொய் சொன்னிய. எனக்காவ ஒண்ணு சொல்லுங்க. பிள்ளை எனக்கு வேணும்."

அன்று சாயங்காலமே சிவசைலத்தின் அக்கா அன்னத்தாய் வீட்டுக்கு வேணியோடு போனேன். "பதிவு அழிஞ்சு போச்சுக்கா. ஆனா அந்நேரம் நான் என் போன்ல பாத்துக்கிட்டுதான் இருந்தேன். வழுக்கித்தான் விழுந்தாரு" என்றேன். அன்னத்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்து, "எந்தம்பி, எந்தம்பி" என்று அரற்றினாள். பிறகு எழுந்து போய்ப் பிள்ளையைத் தூக்கிவந்து வேணியின் இடுப்பில் வைத்தாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

தப்பித்தோம் என்று பைக்கை எடுத்தேன். வேணி பிள்ளையோடு தெருவுக்கு ஓடிவந்தாள்.

"அண்ணாச்சி," என்றாள் குரலைத் தாழ்த்தி, "எந்தக் கால் வழுக்குச்சு?"

அந்தப் பொய்யைச் சொல்லச் சொன்னதே அவள்தான். ஆனாலும் கண் இமைக்காமல் பதிலுக்கு நின்றாள்.

"இடது கால்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் துளைகளைக் குடைந்து திறந்தேன். வெயில் நேராகப் படாமல், பெட்டிக்கு மேலே கொஞ்சம் இடைவெளி விட்டு ஒரு வெள்ளைத் தகடும் போட்டேன். இப்போது ஐம்பத்திரண்டைத் தாண்டுவதில்லை. தினமும் ஒரு மணிக்குப் போனைத் திறக்கிறேன். படம் தெளிவாக இருக்கிறது. ஆள் இல்லாத படிக்கட்டில், மூன்றாம் படியில், ஒரு இடது கால் தெரிகிறது. அது வழுக்குகிறதா, முன்னால் எடுத்து வைக்கிறதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.