இருபத்தைந்துக்குக் கீழே

என் மனைவியின் தங்கைக்குப் பதினைந்து வயது. வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். அவள் முதுகெலும்பு இரண்டு இடங்களில் வளைந்திருக்கிறது. மேலே ஐம்பத்தெட்டு டிகிரி, கீழே நாற்பத்தொன்று. மேல் வளைவுக்கு ஆபரேஷன் நிச்சயம். கம்பி வைத்து எலும்புகளை ஒன்றாக்கிவிடுவார்கள். கீழ் வளைவுக்கும் வேண்டுமா என்பதுதான் அன்றைய கேள்வி.

"பக்கவாட்டுல வளைஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கேன். கீழ் வளைவு இருபத்தஞ்சுக்குக் கீழ இறங்கிட்டா அதைத் தொட மாட்டேன், மேல சரியானா அது தானா அடங்கிடும்" என்றிருந்தார் டாக்டர். "இறங்கலைன்னா இடுப்பு வரைக்கும் கம்பி போயாகணும்."

வாலு ஷட்டில் ஆடுகிறவள். இடுப்பு வளையவில்லை என்றால் தாழ்வாக வரும் பந்தை மறந்துவிட வேண்டியதுதான்.

மாமியாருக்கு ஆஸ்பத்திரி வாடை பட்டாலே மயக்கம் வரும். மாமனாருக்கு லீவு இல்லை. மனைவி இறந்து ஒன்பது மாதமாகிறது. எனக்கு லீவு நிறைய இருக்கிறது. நான் போனேன்.

எக்ஸ்ரே எடுக்கும் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடி மூக்கு நுனியில் நின்றது.

"யாரு, அண்ணனா?"

"அக்கா வீட்டுக்காரர். பேச மாட்டார். அவரைப் பேச வைக்கிற ஸ்விட்ச் எங்க இருக்குன்னு எங்களுக்கே தெரியாது" என்றாள் வாலு.

அவளை மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்து, இடுப்புக்குக் குறுக்கே பட்டை கட்டினார். என்னைத் தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தினார்.

"இடது பக்கம் வளைம்மா. இன்னும். இன்னும் கொஞ்சம்."

"அவ்ளோதான்க்கா."

படம் திரையில் வந்தது. அதில் கோடுகள் போட்டு அளந்தார். முப்பத்துமூன்று. சரி, அவ்வளவுதான் என்று நினைத்தேன். எனக்கு அப்படி நினைத்தே பழகிவிட்டது.

அவருக்குப் பழகவில்லை. படத்தை அனுப்பாமல் போனை எடுத்தார்.

"டாக்டர், படம் தெளிவாத்தான் இருக்கு. வளைஞ்சதுதான் சரியில்ல. இன்னொண்ணு எடுத்துக்கவா? கதிர் கூடுதலா படும், அதான் கேக்கறேன். ஒண்ணே ஒண்ணு."

போனை வைத்துவிட்டு வாலுவிடம் போனார்.

"ஏம்மா, வளையறப்போ கண்ணாடி வழியா இவர் மூஞ்சியப் பாத்த. பாத்ததும் நிறுத்திட்ட. ஏன்?"

வாலு முனகினாள். "அம்மா சொல்லி அனுப்பினாங்க. மாமா முன்னாடி வலிக்குதுன்னு கத்தக் கூடாதாம். பாவமாம் அவர்."

"அவர் பாவம்னா, உன் இடுப்பு என்ன பாவம் பண்ணுச்சு?"

கதிரைத் தடுக்கும் ஈய அங்கியை எனக்கு மாட்டிவிட்டார். உடம்பில் இறங்கிய கனத்தில் தோள் தாழ்ந்தது.

"சார், சும்மா நிக்காதீங்க. கணுக்காலைப் பிடிங்க, நகரக் கூடாது. குனிஞ்சுக்குங்க, அவளைப் பாக்காதீங்க. நீ கத்தணும்மா. கத்தாம வளைஞ்சா நான் பட்டனைத் தொட மாட்டேன்."

குனிந்துகொண்டேன். அவள் வளைய ஆரம்பித்ததும் கணுக்கால்கள் என் கையில் இழுத்தன.

"ஐயோ! யோவ் மாமா! எருமை மாதிரி பிடிக்காதீங்க!"

"சபாஷ். இன்னும் ரெண்டு விரல் தூரம்."

"அம்மாடி! முடியலக்கா!"

"முடியுது, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னும் ஒரு விரல். ஆங். இப்போ கத்தாத, மூச்சைப் பிடி."

க்ளிக்.

கோடுகள் போட்டார். பதினெட்டு. அதை அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டார். பதினெட்டு. அதன் பிறகுதான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள், அடுத்து வந்த பெரியவரிடம் பெல்ட்டைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தார். எலும்பைப் படம் பிடிக்கத்தான் அவருக்குச் சம்பளம். ஒரு பெண் யாரைப் பார்த்து வலியை விழுங்குகிறாள் என்று கவனிப்பதற்கு இல்லை.

மாடியில் டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"முதல் படம் மட்டும் வந்திருந்தா இடுப்பு வரைக்கும் போயிருப்பேன். இப்போ மேல் வளைவுக்கு மட்டும் கம்பி வெச்சா போதும்."

வராந்தாவுக்கு வந்ததும் வாலு அழுதாள். மூக்கு ஒழுக, சத்தமாக, என் முன்னால்.

"இன்னும் வலிக்குது மாமா."

"எங்க?" என்றேன்.

லிஃப்ட் வரும்வரை சொன்னாள். லிஃப்டிலும் சொன்னாள்.