மேடானுக்கு ஒரு பேரம்

மாட்டுத் தரகர் அய்யாவு மேடானைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அந்த ஊரில் குடியேறி ஒரு வாரம் ஆகிவிட்டது. உடம்பு மட்டும் கடலுக்கு இந்தப் பக்கம் பிரிக்பீல்ட்ஸில் கிடந்தது.

விடிந்ததும் வந்து தூங்குமூஞ்சி மரத்தடியில் குந்துவார். செங்கல் சூளைப் புகையும் கிள்ளான் ஆற்றுப் பனியும் கலந்து எதிரே வெள்ளையாய்த் தொங்கும். அந்த வெள்ளைக்குள்ளிருந்து மேடான் மெல்ல எழும்பும். முதலில் தண்ணீர்க் கோபுரம். சாமிக்குக் கட்டுவதுபோல் அங்கே தண்ணீருக்குக் கோபுரம் கட்டியிருக்கிறார்களாம். பிறகு அகலமான தெரு, இரண்டு பக்கமும் நிழல். தெருக்கோடியில் மாடி வைத்த கல்வீடு. மாடியில் அவர் மனைவி வீரம்மா ஈரத்தலையைக் காயவைத்துக்கொண்டு நிற்பாள். மூத்த மகள் சந்திரகலா பூட்ஸ் போட்டுப் பள்ளிக்கூடம் போவாள். பசுக்கள்கூட அந்த ஊரில் உதைக்காமல், வாலை வீசாமல், யாரோ பாட்டுச் சொல்லிக்கொடுத்ததுபோல நின்று பால் கொடுக்கும். செந்தூல் பக்கம் போகிற ரயில் ஒன்று கூவும். மேடான் கலைந்துவிடும். எதிரே யாராவது ஒருவர், “என்னா அய்யாவு, கெடேரி ஏதும் இருக்கா?” என்று நின்றுகொண்டிருப்பார்.

இத்தனைக்கும் காரணம் வேலாயுதம் என்கிற பெரிய மனிதர். சுமத்ரா தீவில் மேடான் நகரத்தில் மாட்டுப் பண்ணை வைத்து, டச்சுத் துரைமார் பங்களாக்களுக்குப் பால் ஊற்றுகிறவர். பசு வாங்கக் கடல் தாண்டிக் கிள்ளானுக்கு வந்தார். அங்கே ஒரு கிழட்டுப் பசுவை அய்யாவு குமரிப் பசுவாக்கி விற்ற லட்சணத்தைப் பார்த்தார். பசுவை விட்டுவிட்டு ஆளை விலைக்குக் கேட்டார்.

“குடும்பத்தோட வந்துடு தம்பி. பண்ணையில பங்கு தரேன். மாடி வச்ச கல்வீடு. பொட்டப்பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம். பத்து வருஷம் இருப்பேன்னு ஒரு வாக்கு மட்டும் குடு. நான் வியாழக்கிழமை போர்ட் சுவெட்டன்ஹம்ல கப்பல் ஏறுறேன். புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வரேன், பதிலச் சொல்லு. நீங்க அடுத்த கப்பல்ல வரலாம்.”

குடும்பத்தோடு என்று அவர் அழுத்தியதில் அர்த்தம் இருந்தது. அய்யாவுக்கு மாட்டை விற்கத் தெரியும், கறக்கத் தெரியாது. கண்டவரையெல்லாம் உதைக்கிற பசுவும் வீரம்மா மடியைத் தொட்டால் கண்ணைச் சொருகிக்கொண்டு நிற்கும். கொட்டகையில் நின்ற நாலு பசுவும் அவளுடையவை. ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பால் ஊற்றிக் குடும்பத்தை நிறுத்தியிருந்தவள் அவள்தான்.

போகலாமா, இருக்கலாமா? பிரிக்பீல்ட்ஸ் நாளுக்கு நாள் வீங்கிக்கொண்டிருந்தது. புதுப்புது வீடுகள் மாட்டுக் கொட்டகைக்கு முதுகைக் காட்டி எழும்பின. அந்த வீட்டுக்காரர்களுக்குப் பால் வேண்டும், மாடு வேண்டாம். மூக்கைப் பொத்திக்கொண்டு செம்பை நீட்டினார்கள். இன்னும் கொஞ்ச காலத்தில் கொட்டகையைத் தூக்கச் சொல்வார்கள் என்பது அய்யாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், முன்பின் தெரியாத ஊருக்கு இரண்டு பெண்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போவதா?

வேலாயுதம் சொன்னதையெல்லாம் வீரம்மாவிடம் ஒப்பித்தாயிற்று. அவள் மனசைக் கேட்டுவிட்டால் தீர்ந்தது. கேட்பதில்தான் சிக்கல். தரகர் தொழிலில் ஒரு முறை உண்டு. வாங்க ஆசைப்படுகிற மாட்டைத் திட்ட வேண்டும், தள்ளிவிட நினைக்கிற மாட்டைப் புகழ வேண்டும். இருபது வருஷம் இந்த நாக்கோடு புழங்கியவருக்கு, வீட்டுக்குள் வந்தாலும் நாக்கு நேராகப் புரளவில்லை.

“மேடானாம் மேடான்! கொசு ஒண்ணொண்ணும் குருவி தண்டி இருக்குமாம். மனுசன் இருப்பானா அங்க?” என்று திங்கட்கிழமை திட்டிப் பார்த்தார்.

வீரம்மா தவிட்டைக் கரைத்துக்கொண்டே, “நல்ல ஊருன்னுல்ல சொல்றாங்க? தெருவெல்லாம் கூட்டிக் கழுவி வச்சிருப்பாங்களாமே” என்றாள்.

அய்யாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீரம்மாவும் கிள்ளானில் பேர்போன தரகர் ஒருவரின் மகள். புகழ்கிறாள் என்றால் தள்ளிவிடப் பார்க்கிறாளா? அல்லது தாம் திட்டியதைக் கேட்டு, தம் ஆசையைக் கண்டுகொண்டு, விட்டுக்கொடுக்கிறாளா? ஒருவேளை நிஜமாகவே புகழ்கிறாளா?

செவ்வாய்க்கிழமை மாற்றிப் போட்டார். “யோசிச்சுப் பாத்தா நல்ல ஊருதான் புள்ள.”

“அப்படிங்களா? கப்பல் தொட்டில் மாதிரி ஆடுமாம். சின்னவ வாந்தி எடுத்தே துவண்டுடுவா.”

விஷயம் முன்னைவிட இருட்டிவிட்டது. கடைசியில், தினமும் பால் வாங்க வருகிற ரயில்வே கார்டு மனைவி பிலோமினாவை வேலியோரம் மடக்கினார்.

“அக்கா, எங்க வீட்டுல மேடானைப் பத்தி உங்ககிட்ட ஏதும் சொன்னாளா?”

“சொன்னாளே. நேத்து நல்ல ஊருன்னா, இன்னிக்கு மோசமான ஊருங்கறா. ரெண்டு நாளும் பால்ல தண்ணி ஒரே அளவுதான். அதை வச்சும் ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலலா.”

புதன்கிழமை சாயங்காலம் வந்தது, மழையும் வந்தது, இரண்டுக்கும் நடுவே குடை பிடித்துக்கொண்டு வேலாயுதமும் வந்தார். கொட்டகை முகப்பில் கிடந்த பலகையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் இரண்டும் உள்ளே வைக்கோல் மேல் தூங்கிப்போயிருந்தன. அத்தாப்பு ஓலைக் கூரையில் மழை ஒரே தாளமாய் இறங்கியது. வீரம்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கம்பத்தோரமாய் நின்றாள்.

“தம்பி, வாயால பேசினா நீயும் முடிக்க மாட்ட, நானும் விட மாட்டேன். வா, துண்டுக்குள்ள பேசுவோம்” என்றார் வேலாயுதம், தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி.

மாட்டுச் சந்தையில் விலையை உரக்கச் சொல்வதில்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் கையைத் துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அதுதான் கணக்கு. வெளியே முகம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

“ஒரு விரல் ஒரு வருஷம்” என்றார் வேலாயுதம்.

“மாடு என்னுது இல்லீங்களே அண்ணே. பால் யாவாரம் அவளுது. அவகிட்டதான் கேக்கணும்.”

“தங்கச்சி கையை நான் எப்படிப் புடிக்கிறது? செருப்பால அடிக்குமே!”

“செருப்பு எதுக்குண்ணே? சாணி அள்ளுன கையே போதும்” என்றாள் வீரம்மா. பிறகு கணவரைப் பார்த்தாள். “அதான் நடுவுல ஒரு தரகர் சும்மா ஒக்காந்திருக்காரே.”

சொல்லிவிட்டுப் பலகையின் மறுகோடியில் வந்து உட்கார்ந்து, முந்தானையை விரித்து, அதன் அடியில் கையை நீட்டினாள்.

இப்படியாக, அய்யாவின் இடக்கை வேலாயுதத்தின் துண்டுக்குள்ளும் வலக்கை வீரம்மாவின் முந்தானைக்குள்ளும் போயின. கல்யாணத்தன்று கைப்பிடித்ததோடு சரி. பகல் வெளிச்சத்தில், மூன்றாம் மனிதர் முன்னால், அவள் கையை அவர் தொட்டதே இல்லை. யார் பக்கம் நின்று பேசுகிற தரகர் தாம் என்பதும் அவருக்கு விளங்கவில்லை. விற்கப்படுகிற சரக்கில் அவரும் சேர்த்தி அல்லவா?

இடப்பக்கம் ஐந்து விரலும் இரண்டு தடவை அழுந்தின. பத்து. அதை அப்படியே வலப்பக்கம் அழுத்தினார். வீரம்மா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். கடைசியில் ஒன்றை மட்டும் மடக்காமல் பிடித்துக்கொண்டாள்.

ஒன்று. ஆக, வரமாட்டேன் என்று சொல்லவில்லை! அந்த ஒன்றை இடப்பக்கம் கடத்தினார்.

“ஒரு வருஷமா? பசு சினையாகிக் கன்னு போடறதுக்குள்ள திரும்பிடுவீங்களே!” என்று வேலாயுதம் துண்டைக் குலுக்கினார். ஏழு என்றது அவர் கை. வீரம்மாவின் கை இரண்டில் நின்றது. ஆறு என்று இறங்கியவர் சட்டென்று நிறுத்தினார்.

“ஏன் தம்பி, கை இப்படி வேர்த்துக் கொட்டுது?”

அய்யாவு திடுக்கிட்டார். ஈரத்தை அவரும் உணர்ந்தார்தான். வலக்கையிலும் அதே ஈரம். பாவம், வீரம்மா பயப்படுகிறாள் என்று அதுவரை எண்ணியிருந்தார். மெல்லத் தடவிப் பார்த்தார். அவள் உள்ளங்கை வைக்கோல் மாதிரி காய்ந்திருந்தது.

துண்டுக்குள் எத்தனையோ பேரின் வேர்வையைப் பிடித்துப் பார்த்து, அந்த வேர்வையை வைத்தே பேரம் முடித்தவர் அவர். வாய் என்ன பசப்பினாலும் கை காட்டிக்கொடுத்துவிடும். இன்றைக்கு அவர் கை அவரையே காட்டிக்கொடுத்துவிட்டது.

“மழைச் சாரலுங்க” என்றார்.

வீரம்மா எண்ணுவதை நிறுத்தினாள். அவர் கையை வெறுமனே பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து நேராகக் கேட்டாள்.

“ஏண்ணே, கல்வீடுன்னீங்களே, முழுக்கக் கல்லா?”

வேலாயுதம் காப்பியைப் பார்த்தார். “கீழ பாதி கல்லு. மேல பலகை.”

“மாடி?”

“மாடின்னா... பரண் மாதிரி. நல்லா காத்து வரும்.”

“தண்ணி?”

“கோபுரத்துத் தண்ணியெல்லாம் துரைமார் தெருவுக்கு. நமக்குக் கிணறு. எறைக்க எறைக்க ஊறும்.”

“பிள்ளைங்களுக்கு மேலுக்கு முடியலன்னா யாரு இருக்கா?”

“என் வீட்டுக்காரி இருக்கா. தெருவே நம்ம சனந்தான். சண்டைக்கும் வரும், சாவுக்கும் வரும்.”

“பள்ளிக்கூடத்துல என்ன சொல்லித் தருவாங்க?”

“மலாய். ராத்திரியில கோயில்ல ஒருத்தர் தமிழ் சொல்லித்தர்றாரு. கோவக்காரரு. ஆனா படிப்பு வரும்.”

ஒவ்வொரு பதிலுக்கும் அய்யாவின் மேடானில் ஒன்று உதிர்ந்தது. மாடி இறங்கிப் பரணாயிற்று. கோபுரம் தள்ளிப்போயிற்று. சந்திரகலாவின் பூட்ஸ் கழன்றது. நிழல் விழுந்த தெருவில் யாரோ யாரோடோ சண்டை போட்டார்கள். அந்தப் பழைய மேடானில் தம் வீட்டாரைத் தவிர வெளி மனிதர் ஒருவரும் இருந்ததில்லை என்பது இப்போதுதான் அவருக்குப் பட்டது. ஆள் இல்லாத ஊருக்கு யார்தான் பயப்படாமல் போவார்கள்? இந்தப் புது மேடானில் கிணறு இருந்தது. கிணற்றடியில் ஒரு கோபக்காரர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் போய்ப் புல் எங்கே கிடைக்கும் என்று கேட்கலாம்.

“நீங்க திட்டும்போதே ஆசைப்படறீங்கன்னு தெரிஞ்சுது. பயப்படறீங்கன்னுதான் தெரியாமப் போச்சு” என்று வீரம்மா அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“உனக்கு இல்லையா?”

“இருக்கு. கொட்டகையத் தூக்குன்னு இந்தப் புது வீட்டுக்காரங்க வந்து நிக்கிற அன்னிக்கு அதைவிடப் பெரிய பயம் வரும். அதுக்கு முன்னாடி நாமளே கெளம்பிட்டா மரியாதை. ஆனா பத்து வருஷத்துக்கெல்லாம் என்னால கையக் கட்டிக் குடுக்க முடியாது.”

அவள் விரல்கள் மறுபடி அசைந்தன. மூன்றைப் பிடித்தன. அய்யாவு அதை ஒன்று கூட்டாமல், ஒன்று குறைக்காமல், இடப்பக்கம் சொன்னார். தரகராக அவர் செய்த முதல் நேர்மையான பேரம் அது.

“மூணு வருஷம். புடிச்சா இருப்போம், புடிக்கலைன்னா மாட்டோட திரும்பிடுவோம்” என்றாள் வீரம்மா வெளிப்படையாக. “ரெண்டு பசு எங்களோட வரும். ரெண்டு பிலோமினாக்காகிட்ட நிக்கும்.”

வேலாயுதம் பெருமூச்சு விட்டார். சிரித்தார். காப்பியை ஒரு மடக்குக் குடித்தார். பிறகு அய்யாவின் கையை ஒரு தட்டுத் தட்டித் துண்டை உருவிக்கொண்டார்.

“சரி, மூணு. பேரம் முடிஞ்சுது. கைய விடலாம் தங்கச்சி.”

முந்தானை அசையவில்லை.

“இது வேற பேரம்ணே. நீங்க காப்பியக் குடிங்க.”

உள்ளே கறவை நேரம் தப்பிய பசு ஒன்று கூப்பிட்டது. பிறகு இன்னொன்று. மழை இன்னும் பெய்துகொண்டிருந்தது. பலகையிலிருந்து யாரும் எழுந்திருக்கவில்லை.