சுட்டிக்கு வழி தெரியும்

மந்தை மலையிலிருந்து இறங்கி வந்த அன்று, உடைந்த பாலத்துக்கு முன்னால் இருக்கிற பிரிவில் நெற்றியில் வெள்ளை விழுந்த அந்தச் சுட்டிப் பசு எப்போதும்போல இடப்பக்கம் திரும்பியது. ஊர் மந்தையை மேய்க்கிற என் புருஷன் எர்கெஷ் ஓடிப்போய்க் கொம்பைப் பிடித்து இழுத்தார். உனக்கென்ன கிறுக்குப் பிடித்துவிட்டதா என்பதுபோல அவரைப் பார்த்தது அது. வருஷாவருஷம் அந்த இடத்தில் மந்தை தானாகவே பிரியும். கிர்கிஸ் மாடுகள் வலப்பக்கம் எங்கள் தெருவுக்கு, தாஜிக் மாடுகள் இடப்பக்கம் கால்வாயைத் தாண்டி அவர்கள் தெருவுக்கு. எல்லை எது என்று இரண்டு நாட்டு அதிகாரிகளும் என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து மேசைபோட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாடுகளிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருக்கும். இந்த வருஷம் அந்தத் தெருவிலிருந்து மேய்ச்சலுக்கு வந்தது இது ஒன்றுதான். மற்றவர்கள் பயந்துபோய் வசந்தத்தில் மாடு கொடுக்கவில்லை. அந்தத் தெரு ஓய்மோ அக்கா மட்டும் கயிற்றை எர்கெஷ் கையில் கொடுத்துவிட்டு, சினைக்குப் போட்டுக் கூட்டிவா என்று சொல்லிவிட்டுப் போனாள். புருஷன் செத்த பிறகு அவளுக்கு இருந்த சொத்து அந்தப் பசுவும் நாலு கோழியும்தான்.

இரண்டு நாட்டுக்கும் சண்டை வந்தபோது எர்கெஷ் மலையில் இருந்தார். நான் இங்கே இருந்தேன். குண்டு விழுந்ததும் எல்லோரையும் லாரியில் ஏற்றி நகரத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் என் வீட்டில் நான்கு சுவர் நின்றது, கூரை இல்லை. குளிர்பெட்டி, கம்பளம், மாமியார் கொடுத்த, தேநீர் கொதிக்க வைக்கிற செம்பு சமோவார், எதுவும் இல்லை. எரித்தவன் எரித்தான், எடுத்தவன் எடுத்தான். இப்போது மாட்டுக்கொட்டகையில் தகரம் போட்டு நானும் புருஷனும் மாடுகளும் ஒன்றாகப் படுக்கிறோம். அந்தப் பக்கத்து ஆட்களை நினைத்தாலே வயிறு எரியும். அதில் ஓய்மோ அக்காவைச் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை.

போன் மட்டும் வேலை செய்தது. மந்தை வந்த மறுநாளே அவள் கூப்பிட்டாள்.

"சுட்டி எப்படி இருக்குடி, கலிபா?"

"மகாராணி மாதிரி இருக்கா. சினை. எனக்குத்தான் கூரை இல்ல."

அவள் மெதுவாகச் சொன்னாள்: "உன் சமோவாரைப் பார்த்தேன். இங்க ஒரு வீட்ல கொதிச்சிட்டிருக்கு."

"நல்லது. நீயும் ஒரு கோப்பை குடிச்சிட்டு வா," என்று போனை வைத்துவிட்டேன்.

பசுவைத் திருப்பிக் கொடுக்க எர்கெஷ் நாயாக அலைந்தார். சோதனைச் சாவடியில் இருந்த அதிகாரி, மாட்டுக்குப் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டாராம். பக்கத்தில் நின்ற சிப்பாய்களெல்லாம் சிரித்தார்களாம். இவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்திருக்கிறார். சுட்டியோ தினமும் சாயங்காலம் ஆனால் கால்வாய்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்தும். இரண்டு முறை கயிற்றை அறுத்தது.

அதற்குப் பிறகுதான் ஜோரோ வந்தான். கடைசித் தெருக்காரன். அவன் மகன் எல்தியார் சண்டையின் முதல் நாளே ரோட்டில் செத்துப்போனான், கல்யாணம் பேசி வைத்திருந்த பையன். கொட்டகை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஊர்க்காரர்கள் சிலர் பின்னால் நின்றார்கள்.

"அண்ணே, நாளன்னைக்கு எல்தியாருக்கு நாற்பதாம் நாள்."

"தெரியும்பா."

"மாடு வெட்டி ஊருக்குச் சோறு போடணும். என்னோடதெல்லாம் கொட்டகையோட போயிடுச்சு."

"எங்க மாட்டை எடுத்துக்க. காசு வேணாம்."

"உங்க மாடு வேணாம்ணே. அந்தப் பக்கத்து மாடு வேணும்."

எர்கெஷ் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "சினை மாடு ஜோரோ. அதுவும் நம்பிக் குடுத்தது."

"நானும் நம்பித்தான் எம்புள்ளைய ரோட்டுக்கு அனுப்புனேன்."

நாளைக் காலையில் வருகிறோம் என்று சொல்லிவிட்டு ஜோரோவும் மற்றவர்களும் போனார்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் நான் ஜோரோ பக்கம்தான். எல்தியார் என் கண்ணெதிரே வளர்ந்தவன். வெட்டிக்கொண்டு போகட்டும், விடுங்கள் என்றேன். எர்கெஷ் சுட்டியின் முதுகில் ஒட்டியிருந்த சாணத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மத்தியானம் ரொட்டியைத் தொடவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் ஓய்மோ அக்கா கூப்பிட்டாள். எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"கலிபா, உன் சமோவாரை வாங்கிட்டேன்டி."

"என்னது?"

"சும்மா கேட்டா அந்த வீட்டுக்காரன் தரமாட்டேனுட்டான். என் கோழிங்களைக் குடுத்து வாங்குனேன். கரியெல்லாம் தேய்ச்சு ஜன்னல்ல வெச்சிருக்கேன். மூடி மட்டும் நசுங்கியிருக்கு. வழி திறந்ததும் வந்து எடுத்துக்க."

பாவி, அவளுக்கு முட்டை விற்றால்தான் மாவு. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்து எல்லாவற்றையும் சொன்னேன், ஜோரோ வந்தது, நாளைக் காலை, எல்லாம். நான் வெட்டட்டும் என்று சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

"அவுத்து விட்டுடு," என்றாள். "அதுக்கு வழி தெரியும்."

"கால்வாய்க்கரையில கண்ணிவெடி புதைச்சிருக்காங்கன்னு பேசிக்கிறாங்களே அக்கா."

"நாங்க வைக்கலைன்னு எங்க ஆளுங்க சொல்றாங்க. உங்க ஆளுங்க?"

"அவங்களும் வைக்கலைன்னுதான் சொல்றாங்க."

"அப்புறமென்ன?" என்றாள். அவள் குரலில் தைரியம் இல்லை. காலைவரை வைத்திருந்தால் கத்தி நிச்சயம், அது இரண்டு பேருக்கும் தெரியும்.

எர்கெஷிடம் சொன்னேன். அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. கயிற்றை அவிழ்த்தார், கழுத்திலிருந்த மணியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். சாவடிக்குக் கேட்கக் கூடாது என்பதற்காக. கொட்டகையின் பின்பக்கப் படலைத் திறந்தோம். எரிந்துபோன ஆப்ரிகாட் மரங்களுக்கு அப்பால் கால்வாய், அதற்கு அப்பால் அவள் வீட்டுக் கூரை. நடந்தால் ஒரு கோப்பை தேநீர் ஆறுவதற்குள் போய்விடலாம், அவ்வளவு தூரம்தான். பழைய நாட்களில் அடுப்பை மூட்டிவிட்டு உப்பு வாங்கப் போயிருக்கிறேன்.

"கூப்பிடு அக்கா," என்று போனில் சொன்னேன்.

"ஹோவ்... ஹோவ்... ஹோவ்..."

போனில் ஒரு தரம் கேட்டது. கண் இமைக்கும் நேரம் கழித்து அதே குரல் மரங்களுக்கு மேலாகக் காற்றில் வந்தது. சுட்டி காதைத் தூக்கியது. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கனத்த வயிறு இரண்டு பக்கமும் அசைய, மரங்களுக்கு நடுவே தன் பழைய தடத்தில் நடந்தது. கரிய அடிமரங்களுக்கு இடையே அதன் பின்னங்கால்களின் வெள்ளை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. எர்கெஷ் பெருமூச்சு விட்டார். மறுபடியும் அவள் கூப்பிட்டாள், முதலில் போனில், பிறகு காற்றில். அவள் சிரிப்பதுகூடக் கேட்டது. "வர்றாடி, தெரியுது, வர்றா."

வெடிச்சத்தம் முதலில் காற்றில் வந்தது. அதன் பிறகுதான் போனில்.

எங்கள் சாவடியிலும் அவர்கள் சாவடியிலும் விளக்குகள் எரிந்தன. நாய்கள் குரைத்தன. எர்கெஷ் படலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் ஒரு கையில் மணியின் நாக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றேன். போதும் அக்கா, உள்ளே போ என்று சொல்ல வேண்டும், வாய் வரவில்லை. அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், ஹோவ், ஹோவ் என்று, போனிலும் காற்றிலுமாக இரண்டு இரண்டு தரம்.