தங்கபாண்டி வீட்டுப் புற்று

கொல்லையில் கோழிக்கூட்டுப் பக்கம் எலி வந்திருக்கிறது என்று முதலில் சொன்னவள் பாண்டீஸ்வரி. எலி இல்லை என்று முடிவு செய்தவர் அவள் கணவர் தங்கபாண்டி.

கூட்டுக்குப் பின்னால் புதுமண்ணைத் தள்ளி ஒரு வளை. அதன் வாயில் குஞ்சின் கால் ஒன்று மட்டும் கிடந்தது. பதினொரு குஞ்சில் பத்துதான் மிச்சம். தாய்க்கோழி, பாண்டீஸ்வரி மல்லாங்கிணற்றிலுள்ள தன் பிறந்த வீட்டிலிருந்து மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தது. இந்த வீட்டில் அவள் கூப்பிட்டால் வருகிற ஜீவன்கள் அதுவும் அதன் குஞ்சுகளும்தான்.

தங்கபாண்டி ஒரு முறை வார்டு மெம்பராக இருந்தவர். ஆகவே வளையை நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தபடியே பார்வையிட்டார்.

"எலி வார வீடா இது? எங்க தாத்தா காலத்துல கலெக்டரு வந்து மோர் குடிச்ச வீடு. இது நாகம்."

"பாம்பு காலை மட்டும் மிச்சம் வைக்குமாங்க?"

"வேணாம்னா வைக்கும்."

வளையைக் கண்ணாடிச் சில்லும் களிமண்ணும் போட்டு அடைக்கலாம், கோழித்தீனியாகப் போட்டுச் சிந்துகிற குதிரைவாலியைச் சாயங்காலமே கூட்டி அள்ளலாம் என்றாள் பாண்டீஸ்வரி. நாகத்தின் வாசலை அடைத்தால் குலத்துக்கு ஆகாது என்று தங்கபாண்டி தடுத்தார். பக்கத்துத் தெருவிலிருந்து மில்லுக்குப் போகும் முத்துப்பேச்சி, கருவாடு குத்திய எலிப்பொறி ஒன்றைக் கொண்டுவந்தாள். அதையும் திருப்பி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமைதோறும் வளைக்குள் பால் ஊற்றப்பட்டது, முட்டையும் வைக்கப்பட்டது. முட்டை பாண்டீஸ்வரியின் கூட்டிலிருந்து போனது. மறுநாள் காலையில் முட்டை இருக்காது. சில வாரம் ஒரு குஞ்சும் குறைந்திருக்கும்.

ஊர்ப் பெண்கள் மஞ்சளோடு வர ஆரம்பித்தார்கள். வேலியில் ஒரு பிளக்ஸ் ஏறியது. அதில் நாகம் ஓரமாகவும் தங்கபாண்டி நடுவிலும் இருந்தார்கள். குஞ்சு ஏழாகியிருந்தது.

ஆடி வெள்ளியன்று நாற்பது பேருக்குக் குறையாத கூட்டம். தங்கபாண்டி பட்டு வேட்டியில் பாலை ஊற்றிவிட்டுக் கண்ணை மூடினார். அப்போது வளைக்குள்ளிருந்து பூனைக்குட்டி அளவில் ஒரு பெருச்சாளி வெளியே வந்தது. பாலில் நனைந்த மீசையை நிதானமாகத் துடைத்துக்கொண்டது. முட்டையை உருட்டிக்கொண்டு உள்ளே போனது. போகும்போது ஒருமுறை கூட்டத்தைத் திரும்பிப் பார்த்ததாகவும் சொல்கிறார்கள்.

எல்லோரும் தங்கபாண்டியைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"பிள்ளையாரு. வாகனத்தை முன்னால அனுப்பியிருக்காரு."

முன்வரிசையில் ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். அடுத்த வாரம் பிளக்ஸ் மாறியது. நாகம் இருந்த ஓரத்தில் பிள்ளையார் வந்தார். நடுவில் மாற்றம் எதுவும் இல்லை.

பிளக்ஸ் மாறிய அன்று சாயங்காலம் பாண்டீஸ்வரி கணவரிடம் மிகவும் பணிவாகக் கேட்டாள்.

"ஏங்க, பிள்ளையாரு குடியிருக்குற எடத்துல கோழி எச்சம் கெடக்கலாமா?"

தங்கபாண்டிக்கு உடனே கோபம் வந்தது. இதைக்கூட அவர்தான் சொல்லவேண்டியிருக்கிறது என்றார். பொழுது சாய்வதற்குள் கூட்டை அப்புறப்படுத்த உத்தரவிட்டார்.

பாண்டீஸ்வரியும் முத்துப்பேச்சியும் கூட்டைத் தூக்கிவந்து முன்வாசலில், அவர் நாற்காலி போடும் நிழலில், நான்கு கல்கால் நட்டு ஏற்றினார்கள். எலி ஏறாதபடி கால்களில் வழுக்கும் தகரம் சுற்றினார்கள். குதிரைவாலி மூடி போட்ட டிரம்முக்குள் போனது. நாற்காலி கொல்லைக்குப் போனது. கோயில் இருக்கும் இடத்தில்தானே அவரும் இருக்கவேண்டும்.

அதற்குப் பிறகு குஞ்சு குறையவில்லை. கொல்லையில் பாலும் பொரியும் கொழுக்கட்டையும் கிடைக்கும்போது தகரத்தில் வழுக்கி விழ எந்த எலிக்கும் தலையெழுத்தில்லை.

ஐப்பசியில் முத்துப்பேச்சி வந்து கூட்டின் முன் நின்றாள். ஏழும் சேவலும் பெட்டையுமாக வளர்ந்திருந்தன.

"யக்கா, இப்ப எங்க வீட்டுலகூட எலியக் காணோம். எங்கதான் போச்சுன்னு தெரியல."

பாண்டீஸ்வரி கொல்லைப் பக்கம் பார்த்தாள். பொரி தீர்ந்துவிட்டது என்று அங்கிருந்து தங்கபாண்டி குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் இவுகதான் வச்சுப் பாக்குறாக," என்றாள்.