ஒலிபெருக்கியில் யென்

யென் என்னும் ஜப்பானியப் பணத்தின் மனதை முழுமையாக அறிந்தவர்கள் இந்தப் பூமியில் மூன்றே பேர். மற்ற இருவர் யாரென்று அவனுக்கு இன்னும் தெரியவரவில்லை. மூன்றாமவனான அவன், ரயில் நிலையத்தில் அறிவிப்பாளனாக முழுநேர வேலையும், வண்டிகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் உலகப் பொருளாதாரமும் பார்த்துவந்தான். கைபேசியில் யென் வாங்கி விற்கும் செயலியின் பயிற்சிக் கணக்கில், பொய்ப் பணத்தில், பலமுறை கோடீஸ்வரன் ஆகியிருக்கிறான். உண்மைக் கணக்கில்தான் ஏதோ தடங்கல்.

மாடியில் அவனுடைய அறை ஒரு கண்ணாடிக் கூண்டு. மேசையில் மைக், அதன் அடியில் ஒரு பொத்தான், பக்கத்தில் சாய்த்துவைத்த கைபேசி. அதில் யென்னின் விலை பச்சையும் சிவப்புமான குச்சிகளாக ஏறி இறங்கும். வண்டி தாமதமானால் குரலைத் தாழ்த்தி, ‘பயணிகளின் சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்பான். மொழியிலேயே மலிவான வாக்கியம் அதுதான் என்பது அவன் கட்சி. கீழே டிக்கெட் கவுன்ட்டரில் வேலை பார்க்கும் மனைவியிடம் சாப்பாட்டு நேரத்தில் இதை விளக்கியிருக்கிறான்.

“நெஜமா வருந்துறவன் மைக் புடிச்சு சொல்லிட்டிருப்பானா?”

“சரி, சாப்பிடு. ஆறுது,” என்றாள் அவள்.

அன்று காலையிலிருந்தே யென் அவனுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு வண்டியை அறிவித்து முடித்த கையோடு கைபேசி அதிர்ந்தது. அவனைப் போலவே வேலைக்கு நடுவில் இதைச் செய்யும் நண்பன், மருந்துக்கடைக்காரன். அழைப்பை எடுத்துக் கைபேசியின் ஸ்பீக்கரில் போட்டான்.

“வித்துட்டு வெளிய வாடா. மிச்சமாவது தேறும்.”

“திரும்பிடும்டா மாப்ள. மச்சினியோட காலேஜ் ஃபீஸ் மொத்தத்தையும் இதுலதான் போட்டிருக்கேன். கட்டியாச்சுன்னு வீட்ல சொல்லிட்டேன். அவளுக்கு என்ன தெரியும், டிக்கெட் கிழிக்கிறவ.”

‘டிக்கெட் கிழிக்கிறவ’ என்று நடைமேடையின் கடைசி முனையிலிருந்து சற்றுத் தாமதமாக யாரோ சொன்னார்கள். அவனேதான். பொத்தானை அணைக்க மறந்திருந்தான். உச்சரிப்புக்காகவே வேலைக்கு எடுக்கப்பட்டவன். ஒரு சொல்கூட யாருக்கும் புரியாமல் போயிருக்காது.

கீழே எல்லோரும் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசைத் தொலைபேசி அடித்தது. நிலைய அதிகாரி.

“தம்பி, மைக்க அணைச்சிட்டுப் பேசுங்க.”

அவ்வளவுதான். இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பணம் தீர்ந்துவிட்டதால் கணக்கு முடிக்கப்பட்டதாகக் கைபேசி பணிவுடன் தெரிவித்தது. அதை மேசையிலேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கினான்.

கவுன்ட்டருக்குள் போக ஊழியர்களுக்கென்று பக்கவாட்டுக் கதவு உண்டு. அதைத் திறக்கக் கை வரவில்லை. பயணிகளோடு வரிசையில் நின்றான். முன்னால் நின்றவர் திரும்பினார்.

“கேட்டீங்களா சார், அந்த ஆளு பேச்ச? அந்தப் பொண்ணு யாரோ, பாவம்.”

தலையை மட்டும் ஆட்டினான். வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

அவன் முறை வந்தது. அவள் நிமிரவில்லை.

“எங்க போகணும்? சொல்லுங்க.”

வீட்டில் அவள் அவனை நீ, வா, போ என்பாள். கண்ணாடியின் வட்டத் துளைக்குக் குனிந்தான். எத்தனையோ சொற்கள் இருந்தும், வாய்க்குப் பழகிய ஒன்றுதான் வந்தது.

“வருந்துறேன்.”

“கேக்கல.”

இன்னும் குனிந்தான். கண்ணாடியில் அவன் மூச்சு படர்ந்து அவள் முகம் மறைந்தது. விசைப்பலகையின்மேல் நின்றுபோன விரல்கள் மட்டும் தெரிந்தன. வெளியே, அறிவிப்பு எதுவும் இல்லாமல் ஒரு வண்டி நடைமேடைக்குள் வந்துகொண்டிருந்தது.